வடியும் நீர் வெட்டும் ஓடை

முதல் தடவை போனபோது எனக்கு ஓடை எதுவும் தெரியவில்லை.

"கரையை உடைத்துக் கடலை உள்ளே விட்டு இரண்டு வருடம் ஆகிறது, ஓடைகள் விழ ஆரம்பித்துவிட்டன, வந்து பாருங்கள்" என்று ஒரு நண்பர் கூப்பிட்டிருந்தார். போய்ப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறச் சேறு. அங்கங்கே பழைய வேலிக்கம்பங்களின் முனைகள். ஒரு காலத்தில் கரை கட்டிக் கடலைத் தடுத்து, உழுது பயிர் செய்த நிலம் அது. நான் ஆர்வக்கோளாறில் இரண்டு எட்டு முன்னால் வைத்தேன். வலது கால் முழங்கால் வரை இறங்கியது. காலை உருவிவிட்டேன், செருப்பு வரவில்லை. நண்பர் சிரிக்காமல் ஒரு பலகையை எடுத்துப் போட்டு, "அவசரப்படாதீங்க, உட்காருங்க. தண்ணி இப்பதான் வடிய ஆரம்பிச்சிருக்கு" என்றார்.

உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் கண் பழகிவிட்டது. சேற்றின் மேல் கண்ணாடித்தாள் போல ஒரு மெல்லிய நீர்ப்படலம் நகர்ந்துகொண்டிருந்தது. அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நகரவில்லை. சற்றே தாழ்ந்த இடங்களில் கூடி, விரல் அகலக் கோடுகளாகி, அந்தக் கோடுகள் இரண்டும் மூன்றும் சேர்ந்து ஓர் உள்ளங்கை அகலப் பள்ளமாகி உடைப்பை நோக்கிப் போயின. எனக்கு அருகில் இருந்த பள்ளத்தின் மேல்முனையில் ஒரு குட்டிப் படி இருந்தது. கட்டைவிரல் உயரம் இருக்கும். நீர்ப்படலம் அந்தப் படியின் விளிம்பில் வழிந்து விழுந்து, விழுந்த இடத்தில் அடியைக் குடைந்தது. குடையக் குடைய மேல்விளிம்பு முன்துருத்தி நின்றது. பிறகு நகக்கண் அளவில் ஒரு துண்டு பொத்தென்று விழுந்து கரைந்தது. படி பின்னால் நகர்ந்தது. மறுபடி குடைச்சல், மறுபடி ஒரு துண்டு.

விளிம்புக்கு நேராக ஒரு குச்சியை நட்டு வைத்தேன். நீர் முழுக்க வடிந்து முடிந்தபோது படி அந்தக் குச்சியைத் தாண்டி நான்கு விரற்கடை நிலத்துப் பக்கம் போயிருந்தது. நீர் கடலை நோக்கி ஓடுகிறது, ஓடையோ நிலத்தை நோக்கி வளர்கிறது. இதைப் படித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பொத்தென்ற சத்தத்தைக் கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

ஓதம் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 'சுவரில் ஓதம் ஏறியிருக்கு' என்கிறோமே, அதே சொல்தான் கடல் ஏறி இறங்குவதற்கும். எனக்கு இந்தப் பொருத்தம் பிடிக்கும். சுவரில் ஏறும் ஓதத்தைப் போலத்தான் இதுவும் சத்தமில்லாமல் ஏறும். பெரும்பாலான கடற்கரைகளில் சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. ஏறும்போது அது ஏதோ படையெடுத்து வந்து நிலத்தை வெட்டுகிறது என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். பெரும்பாலும் அப்படி இல்லை. நிலத்தின் மேல் ஏறிய பிறகு நீர் ஆழம் கூடிக்கூடி, பரந்து, எல்லாப் பக்கமும் சாவகாசமாகப் போகிறது. வடியும்போதுதான் கதையே. பரப்பில் பரவிய அத்தனை நீரும் வெளியே போயாக வேண்டும், ஆனால் ஆழம் குறைந்துகொண்டே வருகிறது, தாழ்ந்த சில தடங்களைத் தவிர வேறு வழி இல்லை. என் அருகில் இருந்த அந்தக் குட்டிப் படியை வெட்டியது இந்தக் கடைசி நேர நீர்தான்.

தினமும் இரண்டு முறை ஏறி இறங்கினாலும் எல்லா ஓதமும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஓடைக்குள்ளேயே ஏறி ஓடைக்குள்ளேயே இறங்கிவிடும் சிறிய ஓதங்களில் நீர் சோம்பலாகத்தான் நகரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஓதம் ஓடையின் கரையைத் தாண்டிச் சதுப்பின் மேல் வழியும்போது நிலைமை மாறுகிறது. நீர்மட்டம் ஒரு சாண் கூடினாலே ஒரு பெரிய சமவெளி முழுவதையும் நிரப்ப வேண்டும். அவ்வளவு நீரும் ஓடை வழியாகத்தான் வந்து போக வேண்டும். அதனால் கரைமட்டத்தை நீர் தாண்டும் நேரத்திலும், வடியும்போது மறுபடி கரைமட்டத்துக்குக் கீழே இறங்கும் நேரத்திலும் ஓடைக்குள் ஒரு திடீர் வேகம் பிறக்கிறது. உவர்ச்சதுப்பு ஓடைகளில் நீரோட்டத்தை அளந்தவர்கள் 1970களிலேயே இதைக் கண்டார்கள். மாதத்தில் சில நாட்கள், அதிலும் சில நிமிடங்கள். வெட்டும் வேலையில் பெரும்பங்கு அப்போதுதான் நடக்கிறது.

வீட்டில் இதைச் செய்து பார்க்கலாமே என்று ஒரு பெரிய தட்டில் களிமண்ணைக் கரைத்துப் பரப்பி, ஒரு முனையிலிருந்து மெதுவாகத் தண்ணீர் ஊற்றினேன். அழகான கிளைகள் விழுந்தன. புகைப்படம்கூட எடுத்தேன். அப்புறம்தான் உறைத்தது, நான் செய்தது ஆறு. மேலேயிருந்து ஊற்றினால் ஆறுதான் வரும். ஓத ஓடைக்கு ஊற்று கிடையாது. அதன் தலையில் மழையும் இல்லை, சுனையும் இல்லை. நீர் வாசல் வழியாக உள்ளே வந்து அதே வாசல் வழியாக வெளியேற வேண்டும். ஆற்றின் அளவை அதற்கு மேலே எவ்வளவு நிலத்தில் மழை விழுகிறது என்பது தீர்மானிக்கிறது என்றால், ஓத ஓடையின் அளவைத் தீர்மானிப்பது அதற்கு அப்பால் இருக்கும் நிலத்துக்குள் ஒவ்வோர் ஓதத்துக்கும் எவ்வளவு நீர் போய் வருகிறது என்பதுதான். மோரோ ஓ'பிரையன் என்ற பொறியாளர் 1931-இலேயே இதைக் கணக்காக எழுதினார்: கழிமுக வாசலின் குறுக்குவெட்டுப் பரப்பும் அதன் வழியே வந்து போகும் ஓத நீரின் மொத்த அளவும் ஒன்றையொன்று தொடர்ந்து போகின்றன. வாசல் சிறியதாக இருந்தால் ஓட்டம் வேகமாகி அதை அகலப்படுத்தும். பெரியதாக இருந்தால் ஓட்டம் தளர்ந்து வண்டல் படிந்து ஒடுங்கும். வானத்திலிருந்து பார்த்தால் ஓத ஓடை கடல் வாயில் அகன்று, உள்ளே போகப்போகச் சட்டென்று ஒடுங்கிப் புனல் போல இருப்பதும் இதனால்தான். ஒவ்வொரு கிளையாகப் பிரிந்த பிறகு அப்பால் மிச்சமிருக்கும் நீர் குறைந்துகொண்டே வருகிறதல்லவா.

சரி, இயற்கையான சதுப்பில் இதெல்லாம் நூற்றாண்டுக் கணக்கில் நடந்து முடிந்திருக்கும். மனிதர்கள் ஒருமுறை கடலை விரட்டிவிட்டு, மறுபடி கூப்பிடும் நிலத்தில் என்ன ஆகிறது?

முதல் சிக்கல், நிலம் அதே நிலம் இல்லை. கரை கட்டி நீரை வடித்துவிட்டால் சதுப்பு மண் காய்ந்து சுருங்குகிறது, அதிலுள்ள மட்கு கரைந்துபோகிறது, மேலே புதிய வண்டல் வருவதும் நின்றுவிடுகிறது. கரைக்கு வெளியே சதுப்பு ஓதத்துக்கு ஓதம் உயர்ந்துகொண்டே போகும், உள்ளே தரை தாழ்ந்துகொண்டே போகும். ஏர் போகும் ஆழத்துக்குக் கீழே இறுகிப்போன ஒரு தட்டு வேறு. அது நீரையும் இறங்க விடாது, ஓடையையும் எளிதில் வெட்ட விடாது. இங்கிலாந்தின் எசெக்ஸ் கடற்கரையில் டோல்ஸ்பரி என்ற இடத்தில் 1995 ஆகஸ்டில் சுமார் 21 ஹெக்டேர் வயல்வெளிக்குள் கரையை உடைத்துக் கடலை விட்டார்கள். அந்த நாட்டில் இந்த முறையைச் சோதித்துப் பார்த்த ஆரம்பகால இடங்களில் அது ஒன்று. அங்கே பழைய வயல் தரையில் ஓடைகள் சுலபமாக விழவில்லை. அதன் மேல் ஓதம் கொண்டுவந்து போட்ட புதிய மென்சேறு போதுமான கனத்துக்குச் சேர்ந்த பிறகு, அந்தச் சேற்றில்தான் விழுந்தன. அதாவது ஓதம் வெட்டுவதற்கான மண்ணையும் ஓதமே கொண்டுவர வேண்டியிருந்தது.

இதிலிருந்து வரும் ஒரு முடிவு எனக்கு முதலில் தலைகீழாகப் பட்டது. நிலம் தாழ்ந்து கிடக்கிறதே, மண் கொட்டி உயர்த்திச் செடி வளரும் மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டுப் பிறகு கடலை விட்டால் சீக்கிரம் சதுப்பாகிவிடுமே என்று யாருக்கும் தோன்றும். செடி வரும், உண்மைதான். ஓடை வராது. உயர்ந்த நிலத்தின் மேல் நீர் அரிதாக, மெல்லிதாக ஏறுகிறது. வந்து போகும் நீர் குறைவு என்றால் வெட்டும் வலுவும் குறைவு. அதற்குள் செடிகள் வேர் விட்டுத் தரையை இறுக்கிக் கட்டிவிடுகின்றன. சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் கரை உடைத்த பல இடங்களை ஒப்பிட்டு பிலிப் வில்லியம்ஸும் மிஷெல் ஓரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வேறுபாட்டைப் பேசுகிறது. தாழ்வாக விட்டு, வண்டல் படிந்து எழ விட்ட இடங்களில் ஓடை வலை படிந்துவரும் சேற்றோடு சேர்ந்தே வளர்கிறது. உயரமாக நிரப்பிய இடங்கள் பல ஆண்டுகள் கழித்தும் தட்டையாகவே கிடக்கின்றன.

அதே விரிகுடாவில் சோனோமா பேலேண்ட்ஸ் என்ற இடம். துறைமுகத்தில் தூர்வாரிய மண்ணைக் கொட்டி 1996-இல் கடலைத் திறந்துவிட்டார்கள். வெளிச் சதுப்பின் ஊடே போட்டிருந்த இணைப்புக் கால்வாய் குறுகலானது. நீர் தானே அகலப்படுத்திக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு. அது நடந்தது, ஆனால் வருடக்கணக்கில் இழுத்தது. அதுவரை உள்ளே ஓதம் அரைகுறையாகவே ஏறி இறங்கியது. கணக்கு தவறில்லை, காலம்தான் யாருக்கும் பிடிபடவில்லை. திட்ட அறிக்கை எழுதுகிறவர்களுக்கு ஐந்து வருடம் என்பது ஒரு நீண்ட காலம். சேற்றுக்கு அப்படி ஓர் அவசரமும் இல்லை.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. இங்கிலாந்தின் ஃப்ரைஸ்டன் ஷோரில் 2002-இல் மூன்று இடங்களில் கரையை உடைத்து 66 ஹெக்டேரைத் திறந்தார்கள். உள்ளே தேங்கிய நீர் வடிந்து போகிற அவசரத்தில் கரைக்கு வெளியே இருந்த சேற்று வெளியில் புதிதாக ஓர் ஓடைத் தொகுதியையே வெட்டிவிட்டது. அப்புறம் உள்வெளி வடிகால் ஒரு நிதானத்துக்கு வந்ததும், அந்த ஓடைகள் தூர்ந்து போயின. உடைப்புக்கு உள்ளே என்ன நடக்கும் என்று யோசிக்கிற அளவுக்கு, உடைப்புக்கு வெளியே என்ன நடக்கும் என்று நாம் யோசிப்பதில்லை.

இன்னொரு பொறி, என் நண்பர் காட்டித்தான் கவனித்தேன். இப்படிக் கட்டிய பல கரைகளின் உட்பக்கத்தை ஒட்டி ஒரு நீண்ட பள்ளம் இருக்கும். கரை போட மண் எடுத்த பள்ளம். கடலைத் திறந்துவிட்டதும் நீர் சுலபமான வழியைப் பிடிக்கிறது. உடைப்பில் நுழைந்து, நேராக உள்ளே போகாமல், சட்டென்று திரும்பி அந்தப் பள்ளத்தில் ஓடிவிடுகிறது. பள்ளம் ஆழமாகிறது, நடுநிலத்துக்குப் போக வேண்டிய நீரையும் இழுத்துக்கொள்கிறது, நடுவில் ஓடை விழ வாய்ப்பே இல்லாமல் போகிறது. பழைய வயல் வடிகால்களும் இதே வேலையைச் செய்யும். அதனால் அனுபவம் உள்ளவர்கள் உடைப்பதற்கு முன்பே இந்தப் பள்ளங்களை இடையிடையே மண் போட்டு அடைக்கிறார்கள். நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் அடைக்கவில்லை. "பட்ஜெட்ல அந்த வரியை அடிச்சிட்டாங்க" என்றார் நண்பர். கரையோரம் ஆள் மூழ்கும் ஆழத்தில் ஒரு நேர்க்கோட்டு வாய்க்கால் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. என் உள்ளங்கை அகல ஓடை அதோடு போட்டியிட வேண்டும்.

செடிகளின் பங்கைப் பற்றி நான் வைத்திருந்த எண்ணமும் பாதிதான் சரி. வேர் மண்ணைப் பிடிக்கும், அதனால் செடி ஓடையைத் தடுக்கும் என்றே நினைத்தேன். ஸ்டெய்ன் டெமர்மன் குழுவினர் 2007-இல் காட்டியது வேறு. வெறும் சேற்றில் புல் ஒரேயடியாகப் பரவுவதில்லை, திட்டுத்திட்டாக வருகிறது. திட்டு நீரைத் தடுக்கிறது. தடுக்கப்பட்ட நீர் பக்கவாட்டில் ஒதுங்கி, இரண்டு திட்டுகளுக்கு இடையே வேகமெடுத்து அங்கே அரிக்கிறது. திட்டுக்குள் வண்டல் படிந்து உயர, இடைவெளி ஆழமாகிக்கொண்டே போகிறது. செடி ஓரிடத்தில் மண்ணைக் காத்து, அதன் விளைவாகவே பக்கத்தில் ஓடையை உண்டாக்குகிறது. திட்டுகள் பரவி ஒன்றோடொன்று சேர்ந்த பிறகு புதிதாக ஓடை விழுவது அபூர்வம். அதற்குள் விழுந்தவை அப்படியே நிலைத்துவிடுகின்றன. அதனால்தான் முதல் சில வருடங்கள் முக்கியம் என்கிறேன். நம் கையில் இருப்பது அந்தக் கொஞ்ச காலம்தான், பிறகு வடிவத்தைச் செடிகள் பூட்டிவிடுகின்றன.

அப்படியானால் தோண்டலாமா, கூடாதா? இதில் எனக்கு ஒரே பதில் இல்லை. வெனிஸ் கடற்கழியில் செயற்கையாக உருவாக்கிய ஒரு சதுப்பில் ஓடை வலை தானாகவே, வெகு விரைவில் உருவானதை ஆந்திரேயா தால்பாவோஸும் உடன் ஆய்வாளர்களும் 2007-இல் பதிவு செய்தார்கள். வெனிஸில் ஓத வீச்சு, அதாவது ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள உயர வேறுபாடு, பெரிய ஓதத்தில்கூட சுமார் ஒரு மீட்டர்தான். ஆனால் அங்கே மண் புதிதாகக் கொட்டிய மென்மண். பிச்சாவரத்தில் நேர்மாறு. அங்கே பழைய நாட்களில் அலையாத்தி மரங்களைக் கூட்டமாக வெட்டியதில் தரை வெயிலில் காய்ந்து பதிந்து தொட்டி போல ஆகிவிட்டது. ஏறிய ஓதம் வடிய வழியில்லாமல் தேங்கிக் காய்ந்து உப்பு மண்டியது. ஓத வீச்சும் குறைவு. இறுகிய அந்தத் தரையை அந்த ஓதம் தானாக வெட்டும் என்று காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990களில் மீன் முள் போலக் கால்வாய்களை வெட்டி, நடுமுள்ளை இயற்கைக் கழியோடு இணைத்து, பிறகே கன்று நட்டார்கள். மரம் வந்தது. ஆனால் வெட்டிய கால்வாய்களில் வண்டல் சேரும், அவ்வப்போது தூர்வார வேண்டும். ஓட்டத்தின் வலுவுக்கு மீறி வெட்டிய கால்வாய்க்கு இந்தச் செலவு தீராது.

கலிபோர்னியாவின் டிஹுவானா கழிமுகத்தில் 2000-இல் 8 ஹெக்டேர் பரப்பை இதற்கென்றே சோதனைக்களமாக்கினார்கள். சூழலியலாளர் ஜாய் செட்லர் இதன் பின்னணியில் இருந்தவர்களில் ஒருவர். பாதிப் பகுதிகளில் ஓடை வெட்டினார்கள், பாதியில் வெட்டவில்லை. யாரும் வெட்டாத ஓடைகள் தாமாக முளைத்தன, வெட்டிய ஓடைகள் சில இடங்களில் தூர்ந்தன. நீர் வரைபடத்தைத் திருத்தி எழுதியது என்றுதான் சொல்ல வேண்டும். இதைப் படித்த பிறகு என் சார்பு இப்படி ஆகிவிட்டது: பெரிய தண்டை வெட்டு, கிளைகளை நீருக்கு விடு. மீன் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் தயக்கம். குட்டி மீன்கள் ஏறும் ஓதத்தோடு சிறு ஓடைகள் வழியாகச் சதுப்பின் மேல் மேயப் போய், வடியும் நீரோடு திரும்புகின்றன. கிளைகள் விழும்வரை அந்த மேய்ச்சல் அவற்றுக்குக் கிடைக்காது.

நாம் திட்டத்தில் சேர்க்காத ஆட்களும் இருக்கிறார்கள். தென் கரோலினாவின் கேப் ரொமெய்ன் சதுப்பில் ஓடைகளின் தலைகள் வருடத்துக்குச் சுமார் 1.9 மீட்டர் வீதம் நிலத்துக்குள் முன்னேறிக்கொண்டிருப்பதை 2009-இல் அளந்து சொன்னார்கள். ஓடைத் தலையில் மொய்ப்பது ஊதாச் சதுப்பு நண்டு. புல்லைத் தின்று, வேரைத் தின்று, தரையை வளை வளையாகத் துளைத்துவிடுகிறது. கடல்மட்டம் ஏறுவதால் அங்கே கூடுதல் நீர் வடிய வேண்டியிருக்கிறது, நண்டு அதற்கு வழியை இளக்கிக் கொடுக்கிறது.

அதே கடற்கரையில் இன்னும் வடக்கே போனால் 1930களில் கொசு ஒழிக்கவென்று வெட்டிய நேர்க்கோட்டு வாய்க்கால்கள் உண்டு. மெய்ன் முதல் வர்ஜீனியா வரை சதுப்புகளில் சுமார் 90 சதவீதத்தில், 1938-க்குள், ஆட்களை வைத்து வெட்டி முடித்தார்கள். செயற்கைக்கோள் படத்தைத் திறந்து பார்த்தால் இன்றும் அந்தக் கோடுகள் சீப்பின் பற்கள் போலத் தெரிகின்றன. அவற்றின் நடுவே பழைய ஓடைகள் வளைந்து வளைந்து போகின்றன. ஓட்டம் போதாத வாய்க்கால்கள் பல தூர்ந்து போனாலும் தடம் மறையவில்லை, செடி பூட்டியது பூட்டியதுதான்.

போன மாதம் அந்தப் பலகை இருந்த இடத்துக்கு மறுபடி போனேன். பழக்கத்தில் செருப்பை முன்பே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். என் உள்ளங்கை அகல ஓடை இப்போது தாண்ட முடியாத அகலம். கரையில் உமரி சிவப்பாக அடர்ந்திருந்தது. குச்சியை நட்ட இடம் எங்கோ ஓடையின் நடுவில் இருந்திருக்க வேண்டும். தலையைத் தேடி நிலத்துப் பக்கம் நடந்தேன். கரையோரப் பள்ளத்துக்குப் பதினைந்து எட்டு இப்பால் அது நின்றிருந்தது. அந்தப் படி இப்போது முழங்கால் உயரம். நீர் வடிந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கட்டி விழுந்தது.

"அந்தப் பள்ளத்தைத் தொட்டுட்டா அவ்வளவுதான், ரெண்டும் ஒண்ணாயிடும்" என்றார் நண்பர். "எந்தப் பக்கம் தண்ணி போகும்?" என்று கேட்டேன். அவர் குனிந்து ஒரு குச்சியை எடுத்து விளிம்புக்கு நேராக நட்டார்.